பதினேழு வருசம் கழிச்சு ஜெயில்லேர்ந்து ஊருக்கு வர்றார். எங்க அன்பியம் என்ன செய்யணும்?

ஜெனி_ஆலங்குளம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் ஆலங்குளம் பக்கம், பாளையங்கோட்டை மறைமாவட்டம். எங்க தெருக்காரர் ஒருத்தர், எனக்குச் சித்தப்பா முறை. 2008-ல வரப்புத் தகராறு, வெட்டுக்குத்துல முடிஞ்சு ஒருத்தர் இறந்துட்டார். சித்தப்பாவுக்கு ஆயுள் தண்டனை. அன்னையிலேர்ந்து பாளை சென்ட்ரல் ஜெயில்லதான் இருக்கார். இப்ப முன்விடுதலைப் பட்டியல்ல பேர் இருக்கு, அடுத்த மாசம் வந்துருவேன்னு சித்திக்கு உள்ளேருந்து போன் பண்ணிச் சொல்லியிருக்கார்.

நான் எங்க தெரு அன்பியத்துக்கு, அதாவது பங்குக் கோயில்ல தெருவாரியா சேந்த கத்தோலிக்கக் குடும்பங்களோட குழுவுக்கு, பொறுப்பாளர். பங்குச்சாமி கூப்பிட்டு, "ஜெனி, இது உங்க அன்பியத்து வேலை, ஜெயிலுக்குப் போய் வர்ற பிரிசன் மினிஸ்ட்ரிக்காரங்ககிட்ட விசாரிச்சு ஏற்பாடு பண்ணுங்க"ன்னுட்டார். என்ன ஏற்பாடுன்னு அவரும் சொல்லல.

இறந்தவர் வீடும் இதே பங்குதான். அவர் சம்சாரம் எல்லா ஞாயிறும் பூசைக்கு வர்றவங்க. பங்குப் பேரவையில ரெண்டு கோஷ்டி. ஒண்ணு, மனம் திருந்தி வர்றாரு, நன்றிப் பூசை வச்சு, மாலை போட்டு, எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம்னு சொல்லுது. இன்னொண்ணு, ஊருக்குள்ளயே விடக்கூடாதுங்குது.

இதுக்கு நடுவுல சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாங்க. சித்தி பீடி சுத்தியே அவளை நர்சிங் படிக்க வச்சுட்டா. பொண்ணு பாத்துட்டுப் போனவங்ககிட்ட அப்பா வடக்க வேலை பாக்குறார்னு சொல்லி வச்சிருக்காங்க. அந்தப் பிள்ளை அப்பாவை ஜெயில்ல மனு போட்டுப் பாக்கப் போனதே எப்பவோ சின்ன வயசுல.

இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

சமாதானபுரம்_சார் எழுதியது:

ஏம்மா ஜெனி, முதல்ல அந்த மாலைக்கு ஆர்டர் கொடுத்திருந்தா கேன்சல் பண்ணச் சொல்லுங்க.

நான் ஐ.டி.ஐ.யில ஒயர்மேன் டிரேடு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். பாளை ஜெயிலுக்குப் போற குழுவுல ரொம்ப வருசமா இருக்கேன். சர்க்கார் சம்பளம் வாங்குற ஆன்ம குரு பதவியெல்லாம் நம்ம ஊர் ஜெயில்ல கிடையாது. டிபார்ட்மென்ட் அனுமதியோட போறோம், கேட்டுல போனை ஒப்படைக்கிறோம், தடவிப் பாக்குறாங்க, கொடுத்த நேரத்துக்குள்ள வெளிய வந்துறணும். ஆகஸ்ட் ரெண்டாம் ஞாயிறு பிரிசன் மினிஸ்ட்ரி ஞாயிறுன்னு கோயில்ல சொல்லுவாங்களே, அது எங்களுக்குத்தான். 1981-ல கோட்டயம் வடவாதூர் செமினரியில சாமியாருக்குப் படிச்சிட்டிருந்த வர்கீஸ் கரிப்பேரி, பிரான்சிஸ் கொடியன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்ச வேலை. இன்னைக்கு இந்தியா பூரா நடக்குது. உள்ள போறதுல பாதிக்கு மேல சிஸ்டர்மாரும் என்னை மாதிரி ஆட்களும்தான்.

சரி, விசயத்துக்கு வர்றேன். நீங்க முதல்ல போக வேண்டியது சித்தி வீட்டுக்கு இல்ல, இறந்தவர் வீட்டுக்கு. நீங்க போனா "அந்தக் குடும்பத்து ஆளு"ன்னு ஆயிரும். அதனால சாமியாரையோ, அந்த அம்மா மதிக்கிற வேற யாரையாவதோ அனுப்புங்க. இன்ன மாசம் வரப்போறார்ங்கிறது பீடிக்கடையில யாரோ சொல்லி அவங்க காதுக்குப் போகக் கூடாது. நேர்ல போய், உக்காந்து, சொல்லிட்டு வரணும். அவ்வளவுதான். மன்னிச்சிருங்கம்மான்னு ஆரம்பிக்காதீங்க. மன்னிப்பைப் பத்திப் பிரசங்கம் வச்சா ஆளு இல்லாமலா போயிருவாங்க, அது அவங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேக்குறதுதான். "உங்களுக்கு என்ன பயம், என்ன சங்கடம்"னு மட்டும் கேட்டு எழுதிக்கிட்டு வாங்க. முன்னாடி நாங்க பாத்த ஒரு கேஸ்ல, இறந்தவர் சம்சாரம் கேட்டது ஒண்ணே ஒண்ணு: குழாயடிக்கு நான் போற நேரத்துல அவன் அந்தப் பக்கம் நிக்கக் கூடாது. அதை ஜெயில்லேர்ந்து வந்தவர்கிட்ட சொன்னோம். தலையை ஆட்டினார். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நடக்குது. ரெண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அது போதும்னு நான் நினைக்கிறேன்.

நன்றிப் பூசை வேண்டாம்னு சொல்றதும் இதுக்குத்தான். மேளம் கேக்குற தூரத்துல ஒரு விதவை உக்காந்திருக்கா. பூசையில "ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்"னு சாமி சொல்ற நேரம் பாத்து, ரெண்டு பேரையும் எதிரெதிரா நிக்க வச்சுட்டு ஊரே திரும்பிப் பாக்குற கூத்தும் நடந்திருக்கு. கொஞ்ச நாளைக்கு அவர் வேற பூசைக்குப் போகட்டும், இல்ல பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகட்டும். சாமிக்கு ஒண்ணும் குறைஞ்சு போகாது.

அவரை மைக் முன்னாடி நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்காதீங்க. "நான் ஒரு கொலைகாரன், இப்போ மனம் மாறினேன்"னு ஒரு மனுசனை ஊர் ஊரா கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வச்சா, அவன் பேரே அதுதான்னு ஆயிருது. கேக்குறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும், மறுநாள் அவங்க கடையில வேலைக்குச் சேத்துக்க மாட்டாங்க.

வேலைன்னதும் ஞாபகம் வருது. நம்ம ஜில்லாக்காரர் வ.உ.சி. 1912 டிசம்பர்ல கண்ணூர் ஜெயில்லேர்ந்து வெளிய வரும்போது கப்பல் விட்டப்ப சுத்தி நின்ன கூட்டம் வாசல்ல இல்ல. தண்டனை காரணமா வக்கீல் சன்னதும் (தொழில் பண்ற உரிமம்) போச்சு. சென்னையில கடை வச்சுக் கஷ்டப்பட்டார். அவருக்கு அந்தச் சன்னதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ். பிள்ளைவாள் தன் மகனுக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். ஜெயில்லேர்ந்து வந்த ஆளுக்கு என்ன செய்யணும்னு யாராவது கேட்டா நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இப்போ காகிதம். இது அலுப்பான வேலை, ஆனா ஜெபத்துக்கு ஆள் கிடைக்கிற மாதிரி இதுக்கு ஆள் கிடைக்காது, அதனால நீங்களே செய்யணும். அவர் உள்ள போனப்ப ஆதார்ங்கிற வார்த்தையே கிடையாது. ஜெயிலுக்குள்ளயே முகாம் வச்சு எடுத்திருந்தாலும் எந்த விலாசம் போட்டிருக்குன்னு பாருங்க. சித்தி ரேஷன் ஸ்மார்ட் கார்டுல அவர் பேரைச் சேக்கணும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. தண்டனை அனுபவிக்கிறப்ப ஓட்டுப் போட முடியாது, வெளிய வந்துட்டா போடலாம். நூறு நாள் வேலை அட்டையில பேர் ஏத்துங்க. கேட்டுல கொடுக்கிற விடுதலைக் காகிதத்தை அன்னைக்கே ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணை நீங்க வச்சுக்கோங்க. இன்னொண்ணு: அவர் போறப்ப உங்க ஊர் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர்லேர்ந்து தென்காசி. கலெக்டர் ஆபீஸ் எங்கன்னு கூட அவருக்குத் தெரியாது.

கூட்டிட்டு வர்ற அன்னைக்கு வேன் பிடிச்சு எல்லாரும் போகாதீங்க. சித்தியும் ஒரு ஆம்பளையும் போதும். டவுன் பஸ்ல வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. சித்திக்குக் கண்டக்டர் காசு வாங்காம டிக்கெட் கிழிச்சுக் கொடுப்பார். அவர் "ஏன், போலீஸ் பாஸா?"ன்னு முழிப்பார். அதுலேர்ந்து பேச்சு தானா ஆரம்பிக்கும். பதினேழு வருசக் கதையை வேற எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பேர்_வேண்டாம் எழுதியது:

சார் எழுதினதைப் படிச்சேன். நான் அந்தப் பக்கத்துலேர்ந்து வந்தவன். 2005-ல உள்ள போனேன், மதுரை. 2018-ல எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விடுதலையில வந்தேன். இப்போ இஸ்திரிக் கடை வச்சிருக்கேன். நான் கிறிஸ்தவன் இல்ல, எங்க குலசாமி அய்யனார்.

எங்க பிளாக்குக்கு ஒரு சிஸ்டர் வருவாங்க. சாமியைப் பத்தி அவங்களா பேசினதே இல்ல. ஒரு சின்ன நோட்டு வச்சிருப்பாங்க, யார் வீட்டுக்கு என்ன சொல்லணும்னு எழுதிக்கிட்டுப் போய், அடுத்த தடவை பதில் கொண்டு வருவாங்க. எங்கம்மாவுக்கு முடியலன்னு அவங்கதான் வந்து சொன்னாங்க. அவசர விடுப்புக்கு மனு எழுதி, வெல்ஃபேர் ஆபீசர்கிட்ட நின்னு, அலைஞ்சு, கடைசியில போலீஸ் காவலோட நான் போய்க் கொள்ளி வச்சேன். வேற யாரு எனக்கு அதைச் செஞ்சிருப்பா.

ஜெனிம்மா, உங்க சித்தப்பா வந்ததும் சில விசயம் நடக்கும், பயப்படாதீங்க. சாயங்காலம் ஆறு மணி ஆனா வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்குவார். லாக்கப் நேரம் அது. ராத்திரி லைட்டை அணைச்சா தூங்க மாட்டார், உள்ள ராவெல்லாம் லைட் எரியும். எனக்கு ரோட்டைத் தாண்டுறதுதான் பெரிய பயமா இருந்துச்சு. எம் மச்சான் பையன், பத்து வயசு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனான். டீக்கடையில நோட்டை நீட்டினேன், சில்லறை இல்ல, போன்ல போடுங்கன்னான். போனா? டீயை வச்சுட்டு வந்துட்டேன்.

சம்சாரத்துக்கும் சிரமம் உண்டு. அது பதினேழு வருசம் தனியா முடிவெடுத்த பொம்பளை. இவர் வந்து முதல் வாரமே குடும்பத் தலைவர் ஆகக் கூடாது. எங்க வீட்டுல இதுக்குத்தான் சண்டை வந்துச்சு, மத்ததெல்லாம் சும்மா.

வேலைக்கு, செக்யூரிட்டி, டெலிவரி இதுக்கெல்லாம் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேப்பான். அதுல கேஸ் வந்துரும். அலையாதீங்க. கையில உள்ள தொழில் என்னன்னு கேளுங்க. உள்ள தறி ஓட்டினாரா, தையலா, சமையலா? சமையல்னா கல்யாண வீட்டுச் சமையல் மாஸ்டர்கிட்ட விடுங்க. அங்க யாரும் பழசு கேக்குறதில்ல, உப்பு சரியான்னுதான் கேப்பாங்க.

ஜெபவீடு_தாமஸ் எழுதியது:

சகோதரரே, சாட்சி சொல்ல வேண்டாம்ங்கிறதை என்னால ஏத்துக்க முடியல. எங்க சபையில ஒரு தம்பி திருட்டுக் கேஸ்ல போயிட்டு வந்தவர். சபைக்கு முன்னாடி எல்லாத்தையும் அறிக்கை பண்ணினப்புறம்தான் அவருக்கே விடுதலை கிடைச்சது. மறைச்சு வாழ்றதுதான் பாரம். இன்னைக்கு அவரே ஊழியத்துக்கு வர்றார். அதையும் யோசிக்கணும்.

சமாதானபுரம்_சார் எழுதியது:

தாமஸ் தம்பி, அவர் தானா எந்திரிச்சுச் சொன்னா நான் தடுக்க ஆளில்ல. நீங்க போஸ்டர்ல தேதி போட்டுச் சொல்ல வைக்கிறதைத்தான் வேண்டாங்கிறேன். அதோட திருட்டுக் கேஸ்ல பொருளைப் பறிகொடுத்தவன் சபையில உக்காந்திருந்தா கோபப்படுவான், அவ்வளவுதான். இங்க ஒரு உயிர். கேக்குற கூட்டத்துல அந்த அம்மாவும் உண்டு.

ஜெயிலுக்குள்ள ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுபோனாலும் எங்க குழுவுல அந்த ஆள் அத்தோட நின்னுக்கணும். உள்ள இருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் நம்ம மதம் இல்ல. அவங்களுக்கு எழுந்து போக இடமும் இல்ல. பூட்டின அறையில ஒருத்தன்கிட்ட மதம் பேசுறது எனக்கு நியாயமாப் படல. இஸ்திரிக்கடை தம்பி சொன்ன சிஸ்டர் மாதிரி நோட்டோட போனா போதும்.

ரிட்டயர்டு_நன்னடத்தை எழுதியது:

நான் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். சில விவரங்களைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

பட்டியலில் பெயர் இருப்பதும் கேட் திறப்பதும் ஒன்றல்ல. ஆயுள் தண்டனை என்றால் வாழ்நாள் முழுவதும் என்றுதான் சட்டத்தில் பொருள். அரசு அவ்வப்போது அரசியல் சட்டம் 161-வது பிரிவின் கீழ் அரசாணை போட்டு முன்விடுதலை செய்கிறது. அண்ணா நூற்றாண்டின்போது 2008-ல் 1,405 பேர், பிறகு 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு, 2021-ல் 700 பேருக்கான அறிவிப்பு என்று பார்த்திருப்பீர்கள். கோப்பில் போலீஸ் அறிக்கை ஒன்று, நன்னடத்தை அலுவலர் அறிக்கை ஒன்று போகும். அதனால் "அடுத்த மாதம்" என்பதை நம்பிக் கல்யாணத் தேதியோ பூசைத் தேதியோ குறிக்காதீர்கள். உள்ளே இருப்பவர்கள் ஆசையில் நாள் சொல்வார்கள்.

எங்கள் அறிக்கைக்காக வீட்டுக்கு வருவோம். குடும்பம் ஏற்குமா, எங்கே தங்குவார், பிழைப்புக்கு என்ன, எதிர்த்தரப்பால் ஆபத்து உண்டா, இவரால் அவர்களுக்கு ஆபத்து உண்டா என்று விசாரிப்போம். நான் வேலையில் இருந்தபோது சில ஊர்களில், ஊர்ப் பெரியவர்கள் இறந்தவரின் மனைவியிடம் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கி நீட்டுவார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். உங்கள் பேரவை அந்த வேலையைச் செய்யவே கூடாது. அவருக்கு ஆட்சேபணை இருந்தால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. விடுதலை உத்தரவில் நிபந்தனைகள் இருந்தால் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டுங்கள். மீறினால் திரும்ப உள்ளே போக நேரலாம்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. தண்டனைக் கைதி சிறையில் வேலை செய்து வாங்கும் கூலியில் 20 சதவீதம் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் பிடிக்கப்படும். அதிலிருந்து இறந்தவர் குடும்பத்துக்கு உதவி கிடைக்க வழி உண்டு. அந்த அம்மாவுக்கு இதுவரை யாராவது சொன்னார்களா? இல்லையென்றால் பாளைச் சிறையிலேயே நன்னடத்தை அலுவலரிடம் விசாரிக்கலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கச் சொல்லுங்கள், அங்கே வக்கீலுக்குக் காசு கிடையாது. உங்கள் சித்தப்பாவுக்கு, சிறை மீண்டோர் சங்கம் மூலம் சுயதொழில் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். உள்ளே இருக்கும்போதே நல அலுவலரிடம் சொல்லி வைப்பது நல்லது. வெளியே வந்தபின் அலைச்சல் கூடும்.

ஜெனி_ஆலங்குளம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாமியார்கிட்ட காட்டினேன். படிச்சுட்டு நேத்து சாயங்காலமே அந்த அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தார். அவங்க ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம் கேட்டது, "அந்த வயலை மறுபடி உழுவானா?" அந்த வரப்புத்தான் பிரச்சினையே. வயல் இப்போ தரிசாக் கெடக்கு, சித்தி பேர்ல இல்ல, சித்தப்பா பேர்லதான் இருக்கு. அந்த நிதியைப் பத்தி அவங்களுக்கு யாரும் சொன்னதே இல்ல. சாமியார் எழுதிக் கொடுத்திருக்கார்.

வரவேற்புப் பூசை இல்லன்னு பேரவையில முடிவாயிருச்சு. மாலைக் கோஷ்டி என்னை முறைக்குது.

மாப்பிள்ளை வீட்டு விசயம்தான் பாக்கி. சித்தி சொல்ல மாட்டேங்குறா. கல்யாணம் முடியட்டும், அப்புறம் வரட்டும், அதுவரைக்கும் எங்கயாவது ஹோம்ல வச்சிருக்க முடியுமான்னு கேக்குறா.

சமாதானபுரம்_சார் எழுதியது:

பிரிசன் மினிஸ்ட்ரிக்கு மறுவாழ்வு இல்லங்கள் இருக்கு, கேட்டுப் பாக்கலாம். ஆனா அது போக்கிடம் இல்லாதவங்களுக்கு. மகள் கல்யாணம் முடியுற வரைக்கும் ஒளிச்சு வைக்கிறதுக்கு ஒருத்தரை அங்க விட நான் கேக்க மாட்டேன். தென்காசி மாவட்டத்துல ஒரு பொண்ணு வீட்டுக் கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமப் போகும்னு நினைக்கிறது சித்தியோட ஆசை. பாதி தெரிஞ்சுதான் வந்திருப்பாங்க, நீங்க எப்போ சொல்றீங்கன்னு பாத்துட்டிருப்பாங்க. தாய்மாமன் போய்ச் சொல்லட்டும், சித்தி வேண்டாம். அதுக்கு முன்னாடி, நர்சிங் படிச்ச பிள்ளை, அவகிட்ட யாராவது கேட்டீங்களா? உங்க முதல் பதிவுலேர்ந்து பாக்குறேன், அவளைப் பத்தித்தான் எல்லாரும் பேசுறீங்க. அவ போய் அப்பாவை மனு பாக்கணும்னு சொன்னா அடுத்த வாரமே கூட்டிட்டுப் போங்க. மாட்டேன்னா வற்புறுத்தாதீங்க.

வயல் விசயத்துல அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. சர்வேயரை வச்சு அளந்து கல் ஊனணும், விண்ணப்பிச்சுப் பணம் கட்டினா வருவாங்க. சித்தப்பா வெளிய வர்றதுக்கு முன்னாடி அளக்க முடியுமான்னு தெரியல, பட்டாக்காரர் கையெழுத்து வேணும்னு கேப்பாங்க. உள்ளேருந்து வாங்க முடியுமான்னு நன்னடத்தை சார் சொல்லட்டும்.

ரிட்டயர்டு_நன்னடத்தை எழுதியது:

முடியும். மனைவிக்கு அதிகாரம் கொடுத்துச் சிறைக் கண்காணிப்பாளர் முன்னிலையில் கையெழுத்திட்டுத் தரலாம். விண்ணப்பத்தை அடுத்த மனு பார்க்கும் நாளில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அளக்கும்போது எதிர்த்தரப்புக்கும் நோட்டீஸ் போகும். அந்த அம்மா தன் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட நிறுத்திக்கொள்வது நல்லது.